மாப்பிள்ளை அழைப்பில் கொதித்த அம்பாசிடர்: ஒரு ரேடியேட்டர் ஃபேன் வயரிங்கின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் வீடும்

வண்டி ஒரு பெட்ரோல் அம்பாசிடர். 1489 சிசி எஞ்சின், எழுபதுகளில் வாங்கியது. காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடையில் ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய வீட்டின் பின்கட்டை ஒட்டிய கொட்டகையில் நிற்கிறது. வீட்டில் இப்போது இருப்பவர் எழுபது தாண்டிய ஓர் ஆச்சி மட்டும்தான். பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும். பொங்கல், கோயில் படைப்பு, கல்யாணம் என்று ஆட்கள் வந்து வீடு திறக்கும்போது வண்டியும் வெளியே வரும். வருடத்தில் நாலைந்து தடவை, அவ்வளவுதான்.

ஓட்டுவது அறுபதைக் கடந்த ஒரு டிரைவர் அண்ணன். அந்த வீட்டிலேயே முப்பது வருடமாக இருக்கிறார். நான் காரைக்குடியில் ஆட்டோ எலக்ட்ரிக் பட்டறை வைத்திருப்பவன். இந்த வண்டிக்கு ஹாரன், இண்டிகேட்டர் வேலைகள் முன்பே பார்த்திருக்கிறேன். ஃபேன் வேலைக்கு மட்டும் முதலில் என்னிடம் வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் எஞ்சின் வேலை நடந்தபோது, வாட்டர் பம்போடு சுற்றும் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போட்டிருக்கிறார்கள். மைலேஜ் கூடும், எஞ்சின் லேசாகச் சுற்றும் என்று காரணம் சொன்னார்களாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தேவையே இல்லாத வேகத்திலும் பெல்ட் ஃபேன் எஞ்சினின் பலத்தைக் கொஞ்சம் தின்னத்தான் செய்யும். ஆனால் வருடத்தில் சில நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு மைலேஜ் என்ன பெரிய விஷயம் என்று யாரும் கேட்கவில்லை. கழற்றிய ஃபேனும் திரும்ப வரவில்லை.

வைகாசி ஊர்வலம்

அக்னி நட்சத்திரம் முடிந்த மறுவாரம் ஒரு முகூர்த்தம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள். மாலை ஏழு மணிக்குக் கோயில் வாசலில் கிளம்பி, பெண் வீடு வரை முக்கால் கிலோமீட்டர். முன்னால் மேளம், வெடி, சீர் தூக்கி வருபவர்கள். மேளம் நிற்கும் இடத்தில் எல்லாம் வண்டியும் நிற்க வேண்டும். நடந்தால் பத்து நிமிடத்தில் முடியும் தூரம், ஊர்வலமாகப் போனால் ஒன்றே கால் மணி நேரம் ஆகும்.

ஹெட்லைட் போட்டிருந்தார்கள். பானெட் மேல் பூ அலங்காரத்துக்குள் சீரியல் பல்பு வேறு, அதுவும் அதே பேட்டரியில். கிளம்பும்போதே டிரைவர் அண்ணன் டேஷ்போர்டில் இருந்த ஃபேன் சுவிட்சைத் தட்டிவிட்டார். அவர் பங்கில் தவறே இல்லை.

இருபது நிமிடத்தில் ஹீட் முள் முக்காலுக்கு வந்தது. முப்பத்தைந்தாவது நிமிடம் பானெட் இடுக்கில் ஆவி. அதே நேரம் டேஷ்போர்டு பக்கம் பிளாஸ்டிக் கருகும் வாடை. சுவிட்சை அணைக்கப் பார்த்தால் குமிழ் கையோடு குழைந்து வந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்தினார். மாப்பிள்ளை மாலையோடு இறங்கி நடந்தார். நாலு பேர் வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள்.

கூட்டத்தில் ஒருவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து மூடியைத் திறந்து ஊற்றச் சொன்னார். டிரைவர் அண்ணன் யாரையும் கிட்டே விடவில்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, ஈரத் துண்டு போர்த்தித்தான் மூடியைத் திறந்தார். இந்த வண்டியின் மூடியில் 7 என்று போட்டிருக்கும்; சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 111 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்கும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் போன அந்த நொடியே மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீர் விழுந்தால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வெடித்துப்போகலாம். அன்று எஞ்சின் பிழைத்தது அவருடைய பொறுமையால்தான்.

பட்டறையில் பார்த்தது

இரண்டு நாள் கழித்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். சுவிட்ச் உருகிவிட்டது, புதுசு மாற்றினால் போதும் என்பது வீட்டாரின் எண்ணம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

போட்டிருந்தது ஒரு மாருதி 800 காரின் ஃபேன், காயலான் கடையில் எடுத்தது. ஃபேனில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு அதைப் போட்ட விதத்தில்தான் இருந்தது. அந்த ஃபேன் தன் சொந்த வண்டியில் ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் நின்று காற்றை இழுக்கும். இங்கே அம்பாசிடரின் கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், முன்பக்கம் நிறுத்தியிருந்தார்கள். கூண்டின் வாய் ரேடியேட்டரில் படிய வேண்டும் என்று அப்படியே திருப்பி வைத்ததில், காற்று ஓடும் திசையும் திரும்பிவிட்டது.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் ஒரு செய்தித்தாள் துண்டைக் கிழித்து, பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு நேராகக் கரண்ட் கொடுத்து, கிரில்லுக்கு முன்னால் பிடித்தேன். தாள் கிரில்லில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை, என் முகத்துக்குப் பறந்து வந்தது. பக்கத்தில் நின்ற டிரைவர் அண்ணன் சிரித்துவிட்டார். அப்புறம் அவருக்கே உறைத்து, "அப்ப நான் சுவிட்ச் போட்டதுதான் தப்பா தம்பி?" என்றார்.

ஒரு வகையில் அவர் கேட்டது சரி. நிற்கும் வண்டியில் அந்த ஃபேன் எஞ்சினின் அனல் காற்றை உள்ளிருந்து உறிஞ்சி, ரேடியேட்டர் வழியாக முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. காய்ந்த காற்றைக் கொண்டு ரேடியேட்டரைக் குளிர வைக்கும் வேலை. ரோட்டில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும் என்பதால் இரண்டு வருடமாக யாருக்கும் தெரியவில்லை.

வயரைத் திருப்பிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், காற்றும் திரும்பும். அது பாதி மருந்துதான். இறக்கையின் வளைவு ஒரு பக்கத்துக்கு என்று வார்த்தது. தலைகீழாகச் சுற்றினால் சத்தம் கூடும், காற்று குறையும். அதற்கும் மேல், அது 796 சிசி எஞ்சினுக்கு அளவெடுத்த ஃபேன். அம்பாசிடர் ரேடியேட்டரில் பாதிப் பரப்பைத்தான் மூடியது.

அடுத்தது வயர். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்குப் போய், சுவிட்சைத் தொட்டு, மறுபடி முன்னால் வந்து ஃபேனுக்குப் போகும் ஒல்லியான வயர். சின்னக் கரண்டால் பெரிய கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் ரிலே கிடையாது. ஃபியூஸும் கிடையாது, இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்புவதற்கான எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே ஸ்குரூ வைத்து முடுக்கியிருந்தார்கள். தற்காலிகமாக ஒரு சுவிட்ச் மாட்டி ஃபேனை ஓடவிட்டு மல்டிமீட்டரில் அளந்தேன். பேட்டரி முனையில் 12.2 வோல்ட். ஃபேன் முனையில் 9.4. நடுவில் 2.8 வோல்ட் காணாமல் போயிருந்தது. பாசிட்டிவ் வழியில் 1.7, எர்த் வழியில் 1.1. எர்த்தில் இவ்வளவு போகும் என்று பலர் எதிர்பார்ப்பதில்லை. பாசிட்டிவ் வயரை மட்டும் தடிமனாக்கிவிட்டுத் தலையைச் சொறிவார்கள்.

காணாமல் போன வோல்ட் எங்கும் ஓடிவிடாது, சூடாகத்தான் மாறும். அதில் பெரும் பங்கு அந்தச் சின்ன சுவிட்சின் தொடுமுனையில் மாறியது. அதனால் புது சுவிட்ச் மாற்றியிருந்தால் அதுவும் அடுத்த கல்யாணத்தில் உருகியிருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ரேடியேட்டரைத் தொட்டேன். முதலில் தொட்டிருக்க வேண்டியது அது. தண்ணீர் நிரப்பி எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, உள்ளங்கையை ரேடியேட்டர் மேல் மெல்ல நகர்த்திப் பார்த்தால், இடது கீழ் மூலை முழுக்கக் குளிர்ந்து கிடந்தது. அங்கே தண்ணீர் ஓடவில்லை. கொட்டகை ஓரத்தில் இருக்கும் போர் தண்ணீரைத்தான் வருடக்கணக்காக ஊற்றி வந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அதே உப்புதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டு முற்றத்தில் நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் இறங்கி அண்டாவில் சேர்கிறது. உப்பில்லாத மழைத் தண்ணீர் இருபதடி தூரத்தில் இருக்க, வண்டிக்குப் போர் தண்ணீர்.

தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டும் இல்லை. யாரோ எப்போதோ எடுத்துவிட்டார்கள். பழைய வண்டிகளில் பத்துக்கு ஏழில் இருக்காது.

ஆம்பியர் கணக்கு

ஃபேன் எந்த வண்டியில் வந்தது, என்ன விலை என்று பார்ப்பவர்கள் அதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. இந்த வண்டியில் அப்போது இருந்தது, எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் இல்லை, பழைய டைனமோ. நல்ல நிலையில், நல்ல வேகத்தில் சுற்றினால் இருபது ஆம்பியர் சொச்சம் கொடுக்கும். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்காது. சார்ஜ் லாம்ப் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருப்பது அதனால்தான். அந்தக் காலத்தில் அது குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் நிற்கும் வண்டியில் கரண்ட் தின்னும் சாமான் எதுவும் கிடையாது. ஃபேன் பெல்ட்டில் சுற்றியது.

ஊர்வலத்தில் என்னென்ன எரிந்தது என்று டிரைவர் அண்ணனோடு உட்கார்ந்து கூட்டினோம். ஹெட்லைட் ஒன்பது ஆம்பியர். இக்னிஷன் காயில் மூன்று. சீரியல் பல்பு இரண்டு. ஃபேன் ஒன்பது. ஆக இருபத்துமூன்று. ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால், ஒன்றே கால் மணி நேரத்துக்கு 28க்கும் மேற்பட்ட ஆம்பியர் மணி, அத்தனையும் பேட்டரியிலிருந்து. பேட்டரி 60 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தது, நாலு வருடப் பழசு. அன்று வண்டி கொதித்து நின்றிருக்காவிட்டாலும், பெண் வீட்டு வாசலில் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகியிருக்குமா என்பது சந்தேகம்.

எடுத்த முடிவுகள்

ஆச்சியிடம் நேரில் போய்ப் பேசினேன். பட்டாசாலையில் உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு முழுவதும் கேட்டுக்கொண்டார். நான் சொன்னது இது: ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும், பெல்ட் ஃபேன் திரும்ப வர வேண்டும், எலக்ட்ரிக் ஃபேன் துணைக்கு மட்டும் இருக்க வேண்டும், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட வேண்டும்.

முதல் மூன்றுக்கும் சரி என்றார். நாலாவதுக்கு மட்டும், "அவுக வாங்குன வண்டி தம்பி. உள்ள இருக்கதெல்லாம் ஒண்ணொண்ணா மாத்திப்புட்டா அப்புறம் அது அவுக வண்டியா? பார்வைக்கு எதுவும் புதுசாத் தெரியப்படாது. டேஸ்போர்டுல சுவிட்சு கிவிட்சு வச்சுடாதீக" என்றார். நான் ஒத்துக்கொண்டேன். பெல்ட் ஃபேன் திரும்ப வந்துவிட்டால் எலக்ட்ரிக் ஃபேன் அதிக நேரம் ஓடாது, டைனமோவே சமாளிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒப்புதல் ஆவணி வரைதான் தாங்கியது.

பெல்ட் ஃபேனை ஏன் திரும்பக் கொண்டுவந்தேன் என்றால், அதற்கு ஃபியூஸ் போகாது, ரிலே ஒட்டாது, டிரைவர் மறக்க மாட்டார். ஓரமாக நிற்கும் பழைய வண்டிக்கு அது பெரிய பாதுகாப்பு. மதுரையில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஆனால் எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது அதுவும் மெதுவாகத்தான் சுற்றும் என்பதால் ஊர்வலத்துக்கு ஒரு துணை ஃபேன் தேவை.

துணை ஃபேனுக்கு மாருதி ஃபேனை விட்டுவிட்டேன். எஞ்சின் பக்கம் பெல்ட் ஃபேன் வந்துவிட்டதால் அங்கே இடமில்லை; முன்னால் நிற்பது என்றால் தள்ளும் ஃபேனாக இருக்க வேண்டும். ஏசி வண்டிகளில், ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டன்சருக்கு முன்னால் நின்று உள்நோக்கித் தள்ளும் ஃபேன் ஒன்று இருக்கும். அப்படி ஒன்றை எடுத்தேன். ஓடும்போது 8.5 ஆம்பியர். கிளம்பும் நொடியில் கிளாம்ப் மீட்டர் 25ஐத் தாண்டிக் காட்டியது. ஃபியூஸும் ரிலேயும் அந்த நொடியையும் தாங்க வேண்டும்.

முன்பு ஃபேனை ரேடியேட்டரின் நடுவே பிளாஸ்டிக் பட்டைகளைக் கோத்துக் கட்டியிருந்தார்கள். அதிர்வில் அந்தப் பட்டை குழாயை அறுத்துவிடும். இந்த முறை இரண்டு இரும்புப் பட்டை வளைத்து, ரேடியேட்டரின் பக்கவாட்டு போல்ட்டிலேயே மாட்டினோம்.

ரேடியேட்டர்காரர் மேல் தொட்டியின் ஈயத்தை உருக்கிப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டு எடுத்தார். மூன்றில் ஒரு பங்கு குழாய் அடைபட்டிருந்தது. 82 பாகையில் திறக்கும் தெர்மோஸ்டாட்டும் போட்டோம்.

வயரிங்

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதற்கு முன்னால் இருக்கும் வயர் உரசி எர்த் ஆனால் காப்பாற்ற எதுவும் இல்லை. ஃபியூஸிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர் ரிலேயின் 30 நம்பர் பின்னுக்கு. 87லிருந்து அதே தடிமன் வயர் ஃபேனுக்கு. ஃபேனின் எர்த் வயர் பாடிக்குப் போகாமல் நேராக பேட்டரி நெகட்டிவுக்கே வந்தது.

ரிலேயின் உள்ளே இருக்கும் காயில் 86, 85 என்ற பின்களில். அது எடுப்பது ஒரு ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குகூட வராது. தண்ணீரின் சூட்டில் தானாகச் சேரும் தெர்மோ சுவிட்ச் சுமக்க வேண்டியது அவ்வளவுதான். ஃபேனின் சுமை முழுவதும் ரிலேயின் தலையில்.

தெர்மோ சுவிட்சின் உடம்பில் 92–87 என்று பொறித்திருந்தது. 92 பாகையில் சேரும், 87ல் பிரியும். பொறித்ததை நம்பாமல், பட்டறை அடுப்பில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, சுவிட்சைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரும் டெஸ்ட் லாம்ப்பும் வைத்துப் பார்த்தேன். 91ல் லாம்ப் எரிந்தது. அடுப்பை அணைத்ததும் 86க்கு இறங்கியபோது அணைந்தது. பத்து நிமிட வேலை. ஆனால் பழைய சாமான் கடை சுவிட்சை இப்படிப் பார்க்காமல் மாட்டக் கூடாது.

பிரியும் சூடு தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டைவிட மேலே இருக்க வேண்டும். 82க்கு மேல் 87, சரி. இரண்டும் தலைகீழாக இருந்தால் ஃபேன் ஒருமுறை ஓடத் தொடங்கிய பிறகு நிற்கவே நிற்காது.

சுவிட்சை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. கீழ்த் தொட்டியில் வைத்தால் அங்கே ஆறிய தண்ணீர்; அது 92 ஆகும்போது மேலே நூறை நெருங்கியிருக்கும். அதற்குக் குறைந்த சூட்டில் சேரும் சுவிட்ச் வேண்டும். என்னிடம் இருந்தது 92 என்பதால் மேல் ஹோஸை நடுவில் வெட்டி, லேத்தில் கடைந்த பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகி, அதில் மரை போட்டு சுவிட்சை இறக்கினேன். ரப்பருக்கு நடுவில் நிற்கும் குழாய்க்குத் தானாக எர்த் கிடையாது. ஒரே பின் உள்ள சுவிட்சாக இருந்தால் குழாய்க்குத் தனி எர்த் வயர் கட்ட வேண்டும். இது இரண்டு பின் சுவிட்ச், ஒரு பின் ரிலே 85க்கு, மற்றது எர்த்துக்கு.

தண்ணீர் குறைந்தால் மேல் ஹோஸ் காலியாகி, சுவிட்ச் வெறும் ஆவியில் நிற்கும். ஃபேன் வராமல் போகலாம். அதற்காக ஸ்டியரிங்குக்குக் கீழே, குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் இடத்தில், ஒரு சின்ன சுவிட்ச். அது தெர்மோ சுவிட்சுக்கு இணையாக எர்த்தைத் தொடும். பக்கத்தில் ஃபேன் ஓடினால் எரியும் ஒரு பச்சை லாம்ப். ஆச்சிக்குக் காட்டினேன். "கண்ணுக்குத் தெரியல, இருக்கட்டும்" என்றார்.

ஒரு இடத்தில்தான் சறுக்கினேன். ரிலே காயிலின் 86க்கு சாவி வழியாகக் கரண்ட் எடுக்காமல் பேட்டரியிலிருந்து நேராக எடுத்தேன். சில புது வண்டிகளில் எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் சற்று நேரம் ஓடி நிற்பதைப் பார்த்து, பழைய எஞ்சினுக்கும் அது நல்லதுதானே என்று நினைத்துவிட்டேன்.

ஆவணியில் பத்திரிகை வைக்கப் போனது

ஆவணியில் வீட்டில் ஒரு சாந்திக் கல்யாணம். பத்திரிகை வைக்க ஆச்சியும் மகனும் காலையில் கிளம்பினார்கள். கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் என்று ஒன்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பதினைந்து நிமிடம். வீட்டுக்கு வீடு இரண்டு மூன்று கிலோமீட்டர்.

மதியம் ஒரு மணிக்கு ஒன்பதாவது வீட்டு வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்டார்ட்டர் 'டக்' என்றது, அதோடு சரி. எனக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தபோது எஞ்சின் நிற்கிறது, சாவி டிரைவர் அண்ணன் சட்டைப் பையில் இருக்கிறது, பச்சை லாம்ப் மங்கலாக எரிகிறது, ஃபேன் முனகிக்கொண்டு சுற்றுகிறது.

எஞ்சின் நின்றால் வாட்டர் பம்பும் நின்றுவிடும். ஃபேன் ரேடியேட்டரில் தேங்கிய தண்ணீரை மட்டும்தான் ஆற வைக்கும். மேல் ஹோஸிலோ ஹெட்டின் சூடு ஏறிக்கொண்டே இருக்கிறது, சுவிட்ச் பிரிவதாக இல்லை. நின்ற இடத்தில் எல்லாம் ஃபேன் சராசரி பன்னிரண்டு நிமிடம் ஓடியிருந்தாலும் ஒன்பது வீட்டுக்கு 15 ஆம்பியர் மணி. அதோடு ஒன்பது ஸ்டார்ட். நடுவில் ஓடிய இரண்டு கிலோமீட்டரில் டைனமோ திருப்பிக் கொடுத்தது கொஞ்சம்.

அங்கேயே நின்று 86ன் வயரைக் கழற்றி, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸுக்கு மாற்றினேன். வேறு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பினோம். ஆச்சி திட்டவில்லை. "என்ன தம்பி, ஃபேனு எங்களை விட விருந்தாளியா இருக்கு, எல்லா வீட்டுலயும் உக்காந்துட்டுத்தான் எந்திரிக்குது" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

டைனமோ இறங்கியது

அன்று மாலை ஆம்பியர் கணக்கைத் தாளில் எழுதி அவர் மகனிடம் கொடுத்தேன். அவர் ஆச்சியிடம் பேசினார். இரண்டு நாளில் சரி என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரே நிபந்தனை: கழற்றிய டைனமோ வீட்டுக்கு வர வேண்டும்.

ஆல்டர்னேட்டர் மாற்றும் முன் முதலில் பார்க்க வேண்டியது எர்த் எந்த முனை என்பது. அந்தக் கால இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருக்கும். அதில் ஆல்டர்னேட்டரை அப்படியே மாட்டினால் உள்ளே இருக்கும் டையோடு அந்தக் கணமே போய்விடும். இந்த வண்டி நெகட்டிவ் எர்த். 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், லேத்தில் செய்த பிராக்கெட். புல்லி நேர்கோட்டில் வருவதற்கு இரண்டு தடவை வாஷர் மாற்ற வேண்டியிருந்தது. டைனமோவின் கரண்டைக் கட்டுப்படுத்திய பழைய கட்-அவுட் பெட்டியை எடுக்கவில்லை. அதன் அடியில் வயர்களை இணைத்துவிட்டு, மூடியைத் துடைத்து அதே இடத்தில் வெறும் கூடாக விட்டேன். சார்ஜ் லாம்ப் வழியாக வரும் சின்னக் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பும், அதனால் அங்கே பழைய இழை பல்பையே வைத்தேன். எல்இடி போட்டால் எழும்பாது.

ஸ்லோவில் எதுவும் போடாமல் 13.7 வோல்ட். ஹெட்லைட்டும் ஃபேனும் சேர்ந்து ஓடும்போது 13.0. ஃபேன் முனையில் 12.7. பழைய 9.4ஐ நினைத்துப் பார்த்தால் அது வேறு ஃபேன்.

டைனமோவை மண்ணெண்ணெயில் துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி அதை இரண்டாம் கட்டு அறையில், எவர்சில்வர் தூக்குகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

தை ஊர்வலம்

தையில் மறுபடி ஒரு மாப்பிள்ளை அழைப்பு, வேறு வீட்டுக்கு இரவல். அதே வேகம், அதே மாதிரி மேளம், ஒரு மணி இருபது நிமிடம். டிரைவர் அண்ணனிடம் பச்சை லாம்ப் எரிவதை எண்ணச் சொல்லியிருந்தேன். முதல் இருபத்தைந்து நிமிடம் எரியவே இல்லை. அப்புறம் மொத்தம் ஏழு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிடம். ஹீட் முள் பாதியைத் தாண்டவில்லை. பெண் வீட்டு வாசலில் அணைத்து, சாப்பாடு முடிந்து வந்து சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது.

மறுபடி செய்தால்

இருபத்தைந்து நிமிடம் லாம்ப் எரியவில்லை என்பதை நான் அடிக்கடி யோசிக்கிறேன். சுத்தமான ரேடியேட்டரும் பெல்ட் ஃபேனும் மட்டும் இருந்திருந்தால் எவ்வளவு தூரம் தாங்கியிருக்கும் என்று பார்க்காமலே துணை ஃபேனை மாட்டிவிட்டேன். தை மாதக் குளிர் ஒரு காரணம் என்றாலும், வைகாசியிலும் அது தனியாகவே சமாளித்திருக்கலாம். அடுத்த வண்டி இப்படி வந்தால், ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் முதலில் முடித்து, ஒரு மணி நேரம் பட்டறை வாசலில் ஸ்லோவில் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் ஃபேன் பேச்சை எடுப்பேன்.

எர்த் பக்கத்தை முதல் நாளே அளப்பேன். டைனமோ வண்டியில் எலக்ட்ரிக் ஃபேன் கேட்டு வருபவர்களிடம் ஆல்டர்னேட்டரையும் சேர்த்தே விலை சொல்வேன்; மாட்டேன் என்றால் ஃபேனையும் மாட்ட மாட்டேன். 86ஐ எப்போதும் சாவிக்குப் பின்னால்தான் கொடுப்பேன். சேரும் சூட்டில் ஒரு பாகை இரண்டு பாகை முன்பின் இருந்தால் பரவாயில்லை, அதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

பித்தளைக் குழாயை இன்னொரு தடவை கடைந்தால் ஹோஸ் வழுக்காமல் இருக்க இரண்டு முனையிலும் வரம்பு எடுப்பேன். இதில் அப்படி எடுக்கவில்லை. கிளிப் மட்டும் பிடித்திருக்கிறது, அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் முடுக்கிவிட்டு வருகிறேன். போகும்போது ரேடியேட்டரில் தண்ணீர் அளவும் பார்ப்பேன். இப்போது அதில் கூலன்ட் கலந்த மழைத் தண்ணீர். அண்டாவிலிருந்து மொண்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, இரண்டு பெரிய பாட்டிலில் நிரப்பி டிரைவர் அண்ணன் டிக்கியில் வைத்திருக்கிறார். ஒரு பாட்டிலில் "வண்டிக்கு மட்டும்" என்று அவர் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது.